எக்ஸ்ரேயில் நேராகிவிட்ட முதுகும், குனியத் தயங்கும் உடலும்

வாசகர் கேள்வி: எனக்கு 46 வயது. நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலை. ஐந்து ஆண்டுகளாகக் கீழ்முதுகில் வலி இருக்கிறது. கூடுவதும் குறைவதுமாக இருக்கிறதே தவிர, முழுவதும் விட்டுப் போனதில்லை. காலுக்கு இறங்குவதில்லை, மரத்துப் போவதும் இல்லை. இடுப்புப் பகுதியின் இயல்பான வளைவு குறைந்து முதுகெலும்பு நேராகியிருக்கிறது என்று எக்ஸ்ரே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேனில் இரண்டு இடங்களில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். அதன் பிறகு குனிவதையே நிறுத்திவிட்டேன். பெல்ட் அணிகிறேன், எப்போதும் நிமிர்ந்தே உட்கார முயல்கிறேன். ஆனாலும், திரும்பும்போதும் நடக்கும்போதும் உடம்பு முழுவதும் ஒரே துண்டாகத் திரும்புகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். தவறாக உட்கார்ந்ததால் வலி வந்ததா, வலியால் முதுகெலும்பு இப்படி ஆனதா? இனி இது பழைய நிலைக்குத் திரும்புமா?

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையிலேயே சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உட்கார்ந்த விதம்தான் வலியைக் கொண்டுவந்தது என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை. வலி உங்கள் முதுகெலும்பின் வடிவத்தை மாற்றியதைவிட, அதை நீங்கள் பயன்படுத்தும் விதத்தைத்தான் பெரிதும் மாற்றியிருக்கிறது. இந்த மாற்றத்தில் பெரும்பகுதி பயிற்சியால் திரும்பக்கூடியது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவான விளக்கம் தேவைப்படுகிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருப்பதில்லை. இருந்தாலும், மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி உணர்ச்சி மங்குவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சலுடன் கூடிய வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்த பின் தொடங்கிய வலி, நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டது ஆகியவை இருந்தாலும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவர் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். 45 வயதுக்கு முன்பே மெல்லத் தொடங்கி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கத்தைத் தந்து, ஓய்வில் குறையாமல் நடமாட்டத்தில் குறையும் வலி அழற்சி வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். உங்களுக்கும் வலி அந்த வயதுக்கு முன்புதான் தொடங்கியிருக்கிறது. ஆகவே இந்த அறிகுறிகள் இருந்தால் மூட்டு வாதவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் குறிப்பிடப்படவில்லை. இல்லை என்று எடுத்துக்கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

இனி எக்ஸ்ரே அறிக்கைக்கு வருவோம். கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பின்பக்கம் சற்றுக் குழிந்த வளைவாக அமைந்திருக்கின்றன. இந்த வளைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் அளவு கிடையாது. வாழ்நாளில் முதுகுவலியே அறியாத சிலருக்கு அது ஆழமாக இருக்கும். வேறு சிலருக்கு ஏறத்தாழத் தட்டையாகவே இருக்கும். இடுப்பெலும்பு பிறவியில் எப்படி அமைந்திருக்கிறது என்பதே இதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. படுத்த நிலையில் எடுத்த படமா, நின்ற நிலையில் எடுத்ததா, அன்று முதுகுத் தசைகள் இறுகியிருந்தனவா, முழங்கால் சற்று மடங்கியிருந்ததா என்பதைப் பொறுத்து ஒரே மனிதரின் வளைவே படத்துக்குப் படம் மாறும். ஆகவே ‘இயல்பான வளைவு குறைந்திருக்கிறது’ என்ற வரி, பல நேரங்களில் படம் எடுத்த கணத்தில் தசைகள் இறுகியிருந்ததைக் காட்டும் குறிப்பு மட்டுமே. அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் அஞ்சி வாழ்வது தேவையற்ற சுமை.

கீழ்முதுகு வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அளந்து ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நிற்கும் நிலையில் வளைவின் கோணத்திலும் இடுப்பெலும்பின் சாய்விலும் இரு சாராருக்கும் சராசரியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு தெரிந்ததெல்லாம் அசைவில்தான். வலி உள்ளவர்கள் கீழ்முதுகைக் குறைவாக வளைத்தார்கள், மெதுவாக வளைத்தார்கள், தங்கள் முதுகு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் துல்லியம் குறைவாகவே உணர்ந்தார்கள். அசையாமல் நிற்கவைத்துப் படம் எடுத்தால் தெரியாதது, குனியச் சொல்லியும் நடக்கச் சொல்லியும் பார்த்தால் தெரிகிறது. எனக்கு இது வியப்பாக இல்லை. சிகிச்சை அறைக்குள் ஒருவர் நடந்து வந்து நாற்காலியில் அமர்வதற்குள் அவருடைய எக்ஸ்ரே சொல்லாத பலவற்றைப் பார்த்துவிட முடியும்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கின் பிதுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 40 வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. உங்கள் வயதில் வலியே இல்லாத இருவரை ஸ்கேன் செய்தால் அவர்களில் ஒருவருடைய அறிக்கையில் உங்கள் அறிக்கையில் உள்ள சொற்களே இருக்க வாய்ப்புண்டு. உங்கள் டிஸ்க்குக்கும் உங்கள் வலிக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘இனிமேல் குனியவே கூடாது’ என்று முடிவு கட்ட முடியாது என்பதே பொருள்.

அப்படியானால் அசைவில் என்னதான் மாறுகிறது? குனிவதை எடுத்துக்கொள்வோம். நாள்பட்ட வலி உள்ள ஒருவரை முன்னால் குனியச் சொல்லி, அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டின் இருபக்கத் தசைகளின் மீது விரல்களை வைத்துப் பார்த்தால், உடல் அசையும் முன்பே அந்தத் தசைகள் கயிறு போல விறைப்பதை உணரலாம். பெரும்பாலும் மூச்சும் அந்தக் கணத்தில் நின்றுவிடும். பிறகு உடல் தொடைமூட்டில் மடங்கும். கைகள் தொடைகளின் மீது ஊன்றியபடி சறுக்கி இறங்கும். ஆனால் கீழ்முதுகு மட்டும் பலகையாகவே இருக்கும். நிமிர்ந்து வரும்போது முழங்கால்கள் சற்று மடங்க, கைகளால் தொடையைத் தள்ளித் தள்ளி மேலே வருவார். ‘குனிந்தேனே’ என்று அவர் சொல்வார். குனிந்தது தொடைமூட்டுதான்; முதுகு குனியவில்லை.

ஆரோக்கியமான முதுகில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. 1951இல் பிளாய்ட், சில்வர் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள், தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து, ஒருவர் முழுவதும் குனிந்த நிலையை அடையும்போது முதுகை நிமிர்த்தும் தசைகள் வேலையை நிறுத்திவிட்டு அமைதியாகின்றன என்பதைக் காட்டினார்கள். உடலின் எடையை அந்த நேரத்தில் தசைநார்களும் மற்ற திசுக்களும் தாங்கிக்கொள்கின்றன, தசைக்கு ஓய்வு கிடைக்கிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள பலரிடம் இந்த ஓய்வு வருவதில்லை. எவ்வளவு குனிந்தாலும் தசைகள் பிடியை விடாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தப்பட்ட கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. உங்கள் முதுகில் என்ன நடக்கிறது என்று ஒரே வரியில் சொல்லச் சொன்னால், ஓய்வெடுக்க வேண்டிய தசை ஓய்வெடுக்க மறந்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

உங்கள் வீட்டார் கவனித்ததும் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டிருக்கிறது. சற்று வேகமாக நடக்கும்போது, இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் தோள்பட்டை அதற்கு எதிர்ப்பக்கம் திரும்புவது இயல்பு. கை வீச்சு அதோடு சேர்ந்தே வருகிறது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் நடைவேகம் குறைவதோடு, இடுப்பும் மார்புக்கூடும் ஏறத்தாழ ஒன்றாகவே திரும்பும் போக்கு காணப்படுகிறது. ‘ஒரே துண்டாகத் திரும்புகிறது’ என்று அவர்கள் சொன்னது மிகத் துல்லியமான கவனிப்பு. அவர்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

தசைகளின் உள்ளடுக்கிலும் மாற்றங்கள் உண்டு. முள்ளெலும்புகளை ஒட்டிக் கிடக்கும் பல்பிளவுத் தசை வலியுள்ள பகுதியில் சுருங்குவதும், நாள்பட்ட நிலையில் அதில் கொழுப்பு படிவதும் ஸ்கேன்களில் காணப்படுகின்றன. முதன்முறை வலி வந்தவர்களில், வலி விலகிய பிறகும் அந்தத் தசை தானாகப் பழைய பருமனுக்கு வருவதில்லை என்று 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். கையை வேகமாக உயர்த்தும்போது, கைத்தசைக்கு முன்பாகவே இயங்கவேண்டிய ஆழ்வயிற்றுத் தசை முதுகுவலி உள்ளவர்களிடம் தாமதமாக இயங்குகிறது என்பதும் 1996இல் காட்டப்பட்டது. இந்த இரண்டு கண்டுபிடிப்புகளிலிருந்தும் பிறந்ததுதான் இன்று எங்கும் பேசப்படும் ‘கோர்’ பயிற்சி மோகம். ஆய்வுகள் நேர்மையானவை, அவற்றை வைத்து எழுப்பிய வாக்குறுதிகள்தான் மிகையானவை. ஆழ்தசைகளை மட்டும் தேடிப் பயிற்றுவிக்கும் முறைகள், மற்ற உடற்பயிற்சிகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானவை என்று பின்னர் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. வயிற்றை எப்போதும் உள்ளிழுத்தபடி இருங்கள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் உடலில் அது இன்னொரு இறுக்கத்தைத்தான் சேர்க்கும்.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டால், முதல் காரணம் பாதுகாப்பு. வலி தொடங்கிய நாட்களில், முன்பக்கத் தசைகளும் பின்பக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகி அந்தப் பகுதியை அசையவிடாமல் காக்கின்றன. ஒரு வாரம், இரண்டு வாரங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் காயம் ஆறிய பின்னும் இந்தக் காவல் தொடர்ந்தால், எதிரெதிர்த் தசைகள் சேர்ந்து இழுப்பதால் முதுகெலும்பின் மீது அழுத்தம் கூடுகிறது, தசைகள் விரைவில் களைக்கின்றன, அசைவின் வகைகள் குறைந்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை விழுகிறது. அதாவது, முதுகைக் காக்க வந்த ஏற்பாடே அதன் வலியை வளர்க்கும் காரணங்களில் ஒன்றாகிவிடுகிறது. ஹாட்ஜஸ், டக்கர் என்ற ஆய்வாளர்கள் 2011இல் முன்வைத்த விளக்கமும் இதை ஒட்டியதுதான். வலியில் தசைவேலை ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் வெவ்வேறு விதமாகப் பங்கிடப்படுகிறது என்றும், அது உடனடியாக நன்மை தந்தாலும் நாளடைவில் விலை கேட்கிறது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

ஆளுக்கு ஆள் வேறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் உங்களைப் போல முதுகைத் தட்டையாக்கிக்கொள்வார். இன்னொருவர் நெஞ்சை நிமிர்த்தி இடுப்பை அளவுக்கு மீறிக் குழித்துக்கொண்டு நிற்பார். மூன்றாமவர் எந்நேரமும் தொய்ந்து கிடப்பார். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் ‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்ற அறிவுரை தீங்கு; மூன்றாமவருக்கு அது ஒருவேளை உதவலாம். கடும் வலியின்போது உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதும் உண்டு. அது பெரும்பாலும் தற்காலிகமானது, வலி தணியும்போது நேராகும்.

இரண்டாவது காரணம் அச்சம். இதை எழுதும்போது, உங்கள் வலி கற்பனை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள், வலி உண்மையானது. ஆனால் ‘குனிந்தால் டிஸ்க் விலகிவிடும்’ என்று நம்பும் ஒருவர், வலியின் அளவு எப்படியிருந்தாலும், கீழ்முதுகைக் குறைவாகவே வளைக்கிறார் என்பது அளந்து காணப்பட்டிருக்கிறது. விளேயன், லின்டன் ஆகியோர் 2000இல் தொகுத்து விளக்கிய அச்சம் - தவிர்ப்பு மாதிரி இந்தச் சுழலைத்தான் சொல்கிறது. வலியை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்பவர் அசைவைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதால் உடல் வலுவிழக்கிறது. வலுவிழந்த உடல் சிறு அசைவுக்கும் வலிக்கிறது. அந்த வலி முதல் நம்பிக்கையை உறுதிப்படுத்துகிறது. உங்கள் விஷயத்தில் அந்த நம்பிக்கையை விதைத்தது இரண்டு அறிக்கைகளின் சொற்கள் என்று நினைக்கிறேன். அறிக்கை வந்த பிறகுதான் குனிவதை நிறுத்தினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உட்காரும் முறையைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஏனென்றால் வளைந்து உட்கார்ந்தால் டிஸ்க் மீது மிகுந்த அழுத்தம் விழும் என்று பல காலம் சொல்லி வந்தவர்கள் எங்கள் துறையினரே. நாச்செம்சன் என்ற சுவீடன் மருத்துவர் 1960களில் தொடங்கிச் செய்த அளவீடுகள் அதற்கு அடிப்படை. 1999இல் வில்கேயும் அவருடைய குழுவினரும் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கினுள் நுண்ணிய உணர்கருவியைப் பொருத்தி அளந்தபோது, நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், சாய்மானமின்றித் தளர்வாக உட்கார்ந்தபோது 0.46ஆகத்தான் இருந்தது. முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது அது 2.3ஆக உயர்ந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் இதை மிகைப்படுத்த மாட்டேன். ஆனாலும் தளர்ந்து உட்காருவது டிஸ்க்கை நசுக்குகிறது என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. நாள் முழுவதும் விறைப்பாக உட்காருவதால் முதுகுத் தசைகள் எட்டு மணி நேரமும் வேலை செய்கின்றன. ஏற்கெனவே ஓய்வெடுக்க மறந்த தசைகளுக்கு இது நேர் எதிரான மருந்து. நாற்காலியின் சாய்மானத்தில் முழுப் பாரத்தையும் போடுங்கள். சிறிது நேரம் தொய்ந்து உட்காருங்கள், சிறிது நேரம் நிமிருங்கள், காலை மாற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடங்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் மாறாமல் இருக்கிறோம் என்பதையே கவனியுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இடுப்பெலும்பை மட்டும் மெல்ல உருட்டுங்கள். ஒருமுறை கீழ்முதுகு தரையில் படியவேண்டும், அடுத்தமுறை தரையை விட்டுச் சற்று எழவேண்டும். அளவு சிறியதாக இருக்கட்டும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பத்து முறை போதும். இதன் நோக்கம் வலுவூட்டுவது அன்று. முதுகு எங்கே இருக்கிறது என்பதை மூளை மீண்டும் கேட்டறிய வேண்டும். முதுகைத் தொய்யவிட்டுவிட்டு முன்பிருந்த நிலைக்கே திரும்பச் சொன்னால், வலி உள்ளவர்கள் அந்த இடத்தைத் தவறவிடும் அளவு மற்றவர்களைவிட அதிகம். இதுவே அந்த உணர்வைத் தீட்டும் எளிய வழி. பிறகு கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகைக் கூன்போல மேலே வளைப்பதும் கீழே குழிப்பதுமாக மெதுவாகப் பத்து முறை செய்யுங்கள்.

சில நாட்களில் இவை பழகிவிடும். அதன்பின் நாற்காலியில் உட்கார்ந்தபடி குனியுங்கள். கால்களைச் சற்று அகட்டி வைத்து, முதலில் தலையைத் தொங்கவிட்டு, பிறகு நெஞ்சை, அதன்பின் கீழ்முதுகை என்று மேலிருந்து கீழாகச் சுருட்டிக்கொண்டே போய், கைகளைக் கணுக்கால் பக்கம் தளர விடுங்கள். கீழே எட்டியதும் எழுந்துவிடாமல், இரண்டு நீண்ட மூச்சுகள் விடும் வரை அங்கேயே தொங்கி இருங்கள். மூச்சை வெளியே விடும்போது முதுகுத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடுவதைக் கவனியுங்கள். இந்தப் பயிற்சி முழுவதிலும் அந்த ஒரு கணம்தான் முக்கியமானது. எழும்போது கைகளால் தொடையைத் தள்ளாமல் வாருங்கள். ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. விழித்த முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் இதைத் தவிர்த்துவிடலாம். இரவில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் புடைப்பதால், காலையில் நாம் மாலையைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறோம். முதுகும் அப்போது வளைய மறுக்கும். காலையில் குனிய முடியவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை, பகலில் அது இளகும்.

அடுத்து, நின்ற நிலையில் முழங்கால் உயரத்தில் உள்ள இலேசான பொருளை எடுப்பதில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் தரையில் இருப்பதை எடுக்கும் வரை இறங்குங்கள். முதுகு வளைந்தால் வளையட்டும். முதுகை வளைத்துத் தூக்குவதே முதுகுவலிக்குக் காரணம் என்ற பொதுநம்பிக்கையை ஆய்வுகளைத் தொகுத்துச் சரிபார்த்தபோது, அதை உறுதிசெய்யும் சான்று கிடைக்கவில்லை. கனமான சுமை என்றால் உடலோடு ஒட்டிப் பிடித்து, கால்களையும் சேர்த்துப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். விழுந்த பேனாவை எடுக்க அந்தச் சடங்கு வேண்டாம். முதுகு இளகியபின் எடையையும் படிப்படியாகக் கூட்டுங்கள், ஏனென்றால் இளக்கம் மட்டும் போதாது, தாங்கும் வலுவும் வேண்டும்.

நடை தனிப் பயிற்சி. கைகளைப் பைக்குள் வைக்காமல் தளரவிட்டு நடங்கள். பத்து நிமிடங்களில் தொடங்கி, இடையிடையே ஒரு நிமிடம் வேகத்தைக் கூட்டுங்கள். வேகம் கூடும்போதுதான் தோளும் இடுப்பும் எதிரெதிராகத் திரும்ப வேண்டிய கட்டாயம் உடலுக்கு வருகிறது. மெதுவாகவே நடந்துகொண்டிருந்தால் ஒரே துண்டாகத் திரும்பும் பழக்கம் மாறாது. 2024இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில், முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரில், வழிகாட்டுதலுடன் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலையாக 208 நாட்களும், மற்றவர்களுக்கு 112 நாட்களும் ஆயின. உங்களுக்கு வலி முழுவதும் விலகியதில்லை என்பதால் இந்த எண்கள் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் நடையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பது புரியும்.

இவற்றைச் செய்யும்போது வலி வரவே கூடாது என்று எதிர்பார்க்காதீர்கள். பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வலி, பழக்கமில்லாத வேலையின் வலி. அதற்கு மேல் போனால், அல்லது காலுக்கு இறங்கத் தொடங்கினால், ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், முழுவதும் நிறுத்த வேண்டாம். காலில் மரத்தலோ பலவீனமோ வந்தால் நேரில் காட்டுங்கள். நடுவில் ஓரிரு முறை வலி கிளறிக்கொள்ளும். அந்த நாட்களில் படுக்கையில் கிடக்காமல், மல்லாந்து செய்யும் முதல் பயிற்சியும் சிறுநடையும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுப் பழக்கம் மாற எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களாவது ஆகும்.

முன்னேற்றத்தைப் பார்க்க மறுபடியும் எக்ஸ்ரே எடுக்காதீர்கள். வலி நன்றாகக் குறைந்தவர்களுக்குக்கூட வளைவின் கோணம் முன்பிருந்தபடியே இருக்கலாம். அதைக் கண்டு மறுபடியும் மனம் தளர்ந்து போவீர்கள். அதற்குப் பதில், நீங்கள் குனிந்து நிமிர்வதை ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று மீண்டும் எடுங்கள். விரல் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கீழ்முதுகு வட்டமாகிறதா, கைகள் தொடையை நாடுகின்றனவா என்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெல்ட் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் கழற்றச் சொன்னால் பலர் அஞ்சுவார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பட்டைகளை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் அது முன்வைக்கிறது. பெல்ட் உங்கள் முதுகைக் கெடுத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அசையாதே என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் உடலுக்கு அதுவும் அதையே சொல்கிறது என்பதால்தான் விடச் சொல்கிறேன். ஒரே நாளில் தூக்கிப் போட வேண்டாம். முதல் வாரம் வீட்டில் இருக்கும் நேரத்தில் கழற்றுங்கள், இரண்டாவது வாரம் அலுவலகத்தில் முற்பகல் முழுவதும், மூன்றாவது வாரம் பிற்பகலிலும் கழற்றுங்கள். வலி கிளறிய நாளில் ஓரிரு மணி நேரம் அணிய வேண்டும் என்று தோன்றினால் அணிந்துகொள்ளுங்கள், ஆனால் நாற்காலியில் குனியும் பயிற்சியின்போது மட்டும் எந்த நாளிலும் அது இடுப்பில் இருக்க வேண்டாம்.